பேர் எழுதாத ஆய்வு

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்ததும், எதையெல்லாம் எழுதக் கூடாது என்று முதலில் ஒரு பட்டியல் போட்டேன். பெயர். பிறந்த ஊர். வேலை பார்க்கும் பல்கலைக்கழகம், அது இருக்கும் நாடு. நெற்றியில் என்ன இருந்தது என்பது. சிரிக்கும்போது என்ன செய்வார் என்பது. பட்டியலை முடித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சியது ஒரு நடுத்தர வயதுப் பெண், பருத்திப் புடவை, மூடி போட்ட மைப்பேனா. இதைக் காட்டியிருந்தால் புடவையையும் எடுத்துவிடச் சொல்லியிருப்பார். ஒரு கோடைக்காலம் அவரோடு வேலை பார்த்ததில் எனக்கும் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது.

நாங்கள் அவரை மேடம் என்று கூப்பிட்டோம். இங்கே பாதிப் பேரை அப்படித்தான் கூப்பிடுகிறோம். அந்தச் சொல்லை வைத்து யாரையும் பிடிக்க முடியாது.

நான் கெமிக்கல் என்ஜினியரிங் முடித்துவிட்டு ஆமத்தூரில் வீட்டில் இருந்தேன். ஒரு பரிசோதனைக் கூடத்திலிருந்து வேலைக்கான உத்தரவு வர வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் கல்லூரி ஆசிரியை ஒருவர் என்னை மேடத்திடம் அனுப்பினார். வழி காட்ட வேண்டும், மருந்துகளின் பெயர்களை விளக்க வேண்டும், ஊர்ப் பேச்சு பிடிபடாத இடத்தில் பிடிபட வைக்க வேண்டும். மேடத்தின் படிப்பு சுற்றுச்சூழல் அரசியல். உலக நாடுகள் கூடி உட்கார்ந்து காற்றுக்கும் கடலுக்கும் விதி எழுதுகின்றன. எழுதும் அறையில் யாருக்கு நாற்காலி போடுகிறார்கள், யாருக்குப் போடுவதில்லை, அந்த விதி படிப்படியாக இறங்கி நாரணாபுரம் மாதிரி ஓர் ஊருக்கு வந்து சேரும்போது என்னவாக மாறியிருக்கிறது என்பதை அவர் பல வருடங்களாகத் தேடிக்கொண்டிருந்தார். பட்டாசு அதற்கு வாகான பொருள். வெடிப்பது ஓர் ஊர், இருமுவது இன்னோர் ஊர், செய்வது எங்கள் ஊர்.

முதல் நாளே ஒரு சொல் எங்களைக் கவிழ்த்துவிட்டது.

நாரணாபுரத்தில் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேன் என்ன விஷயம் என்று கேட்டார். "ஆய்வுக்காக வந்திருக்கேன்" என்று மேடம் சுத்தமான தமிழில் சொன்னார். அகராதியில் அதற்கு ஆராய்ச்சி என்று பொருள். எங்கள் பக்கம் ஆய்வு என்றால் ஜீப், அதிகாரிகள், அளவு நாடா, கடைசியில் கதவில் சீல். வாட்ச்மேன் உடனே செல்போனை எடுத்தார். நாங்கள் உள்ளே போய்ச் சேர்வதற்குள் பின்பக்கத்துக் கருவேலங்காட்டுக்குள் சேலைகள் ஓடிக்கொண்டிருந்தன. தூக்குவாளிகள் இடிபடுகிற சத்தம் தேய்ந்துகொண்டே போனது. போர்மேன் கைலியில் கையைத் துடைத்தபடி வந்தார்.

"இன்னைக்கு லீவு மேடம்."

"இப்பத்தான் ஆளுங்க இருந்தாங்களே."

"அவுக லீவு கேக்க வந்தவுக."

எல்லோரும் ஓடிய இடத்தில் ஒரு பெண் மட்டும் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். அலுமினியத் தூள் படிந்து மணிக்கட்டு வரை கை வெள்ளியாக மின்னியது. நேராக மேடத்திடம் வந்தார். அவரை இங்கே செல்வராணி என்று எழுதுகிறேன். அது நான் வைத்த பெயர். அவர் சொன்ன பெயரை மட்டும் மாற்றவில்லை. மாற்றக் கூடாது என்பது அவர் எனக்குப் போட்ட உத்தரவு.

"ஆய்வுன்னா பேரு எழுதுவீகல்ல?"

"என்ன பேரும்மா?"

"எந்தங்கச்சி பேரு. மாரீஸ்வரி. எழுதிக்கோங்க."

மேடம் பேனாவுக்கு மூடியை மாட்டினார். "நான் பேர் எழுதுறதில்லைம்மா."

செல்வராணி என்னைத் திரும்பிப் பார்த்தார். "பேரு எழுதாத ஆய்வா? அது என்ன ஆய்வு தாயி?"

போர்மேன் குறுக்கே வந்தார். "ஏத்தா, அங்கிட்டுப் போ. அவுகளே வழி தெரியாம வந்திருக்காக."

அன்று மாலை பஸ் ஸ்டாப்பில் செல்வராணியை மறுபடி பார்த்தேன். மேடம் தண்ணீர் பாட்டில் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அந்த நேரத்துக்குள் செல்வராணி முழுவதையும் சொல்லிவிட்டார். தங்கை ஒரு ஷெட்டில் வேலை பார்த்தாள். லைசென்ஸ் இல்லாத ஷெட், காட்டுக்குள். பிரசவத்துக்குத் தாய்வீடு போன இன்னொருத்திக்குப் பதில் ஆளாகப் போனாள். பதில் ஆளுக்குத் தனிப் பெயர் கிடையாது; வராதவள் பெயரிலேயே வேலை ஓடும். ஷெட் வெடித்தபோது காண்ட்ராக்டர் சொன்ன பெயர்தான் செய்தித்தாளில் வந்தது. அந்தப் பெயர்க்காரி சாத்தூரில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். போலீஸ் காகிதத்தில் பிறகு திருத்தினார்களா என்று செல்வராணிக்குத் தெரியாது. செய்தித்தாளில் திருத்தம் வரவில்லை.

"கண்ணீர் அஞ்சலி போஸ்டராவது அடிக்கலாம்னு நெனச்சோம். எங்கன வச்சு செத்தான்னு கேள்வி வரும்னு காண்ட்ராக்டர் வந்து வீட்டுல உக்காந்துக்கிட்டாரு. சிவகாசியில அச்சடிக்காத பேரு உண்டா, சொல்லு. காலண்டர்ல எவன் எவன் பேரெல்லாமோ தொங்குது. எந்தங்கச்சி பேருக்கு மட்டும் மை இல்லாமப் போச்சு."

அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். தங்கையின் பெயர் எங்காவது ஓர் இடத்தில் அச்சில் வர வேண்டும். அதற்காகத்தான் ஆய்வு என்று கேட்டதும் ஓடாமல் நின்றிருக்கிறார். அவர் நம்பி வந்து நின்றது பெயர் எழுதாத ஓர் ஆளிடம்.

மறுநாளிலிருந்து ஆய்வு என்ற சொல்லை விட்டோம். ஆராய்ச்சி என்று சொல்லிப் பார்த்தோம். "ராக்கெட் விடுறதா? அதான் நாங்களே விடுதமே" என்றார்கள். கடைசியில், "படிப்புக்காக வந்திருக்காக" என்று நான் சொன்னது எடுபட்டது. பெண்கள் மேடத்தின் நரைமுடியைப் பார்த்துக் கவலைப்பட்டார்கள்.

"இந்த வயசுலயும் முடியலையா? எம்புட்டு அரியர்?"

"நிறைய இருக்கும்மா" என்றார் மேடம்.

"பாவம். ஒரு வடையாவது தின்னுங்க."

அதன்பிறகு எல்லோரும் பேசினார்கள். மேடம் கேட்கிற மாதிரி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. தலையை ஆட்ட மாட்டார், ஐயோ என்று சொல்ல மாட்டார். எதிரே இருப்பவர் பேச்சை நிறுத்தினால் தானும் சும்மா இருப்பார். அந்தச் சும்மாவைத் தாங்க முடியாமல் அவர்களே மேலும் சொல்வார்கள்.

சாயங்காலம் லாட்ஜ் மாடியில் டீயை வைத்துக்கொண்டு குறிப்புகளைத் திருத்துவோம். அங்கேதான் அவருடைய முழு குணமும் வெளிவரும். ஒவ்வொரு வரியிலும் பேனா முனையை வைத்து, ஒரே கேள்வியைக் கேட்பார்.

"இதை வச்சு ஆளைக் கண்டுபிடிச்சிடலாமா?"

கம்பெனி கேட் நீல நிறம் என்று எழுதியிருப்பேன். போகும். பக்கத்தில் சர்ச் மணி கேட்கும் என்று எழுதியிருப்பேன். அதுவும் போகும். ஒரு பெண், மருந்தில் தோய்க்காத வெறும் திரிநூலைக் கொண்டுபோய் மகளுக்குப் பூக்கட்டித் தருவதாகச் சொன்னார். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. மேடமும் அங்கே கொஞ்சம் நின்றார். பிறகு பூ, நூல், மகள் மூன்றையும் அடித்தார். வேலை விட்டுப் போனதும் கை கழுவாமல் குழந்தையைத் தூக்குவதில்லை என்று இன்னொருவர் சொன்னதை விட்டுவைத்தார்.

"இது எல்லாரும் சொல்றது, இருக்கட்டும். ஒருத்தர் மட்டும் சொல்றது ஆளைக் காட்டிக் கொடுத்திடும்."

"ஒருத்தர் மட்டும் சொல்றதுதானே மேடம் அந்த ஆளு?"

அவர் டீயைக் குடித்து முடித்தார். "ஆமாம்" என்றார். அடித்ததை அடித்தபடியே விட்டார்.

இது எனக்கு அன்றும் புரியவில்லை. நான் சொன்னதை மறுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஆமாம் என்று சொல்லிவிட்டு அடித்தால் என்ன செய்வது?

படமும் அப்படித்தான் எடுப்பார். முகம் கிடையாது. பாதங்களைப் படம் எடுப்பார், அல்லது தரையில் விழுந்த நிழலை. "என்ன மேடம் காலையே எடுக்கீக, கொலுசு வாங்கித் தரப் போறீகளா?" என்று கேட்டுப் பெண்கள் காலை நீட்டிச் சிரிப்பார்கள். ஒருத்தி மெட்டியைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டு வந்தாள். மெட்டி தெரியாத கோணத்தில் எடுத்தார்.

தன்னையும் விட்டுவைக்க மாட்டார். விருதுநகரில் எண்ணெய் பரோட்டாக் கடையில் கல்லில் நிற்பவர் கேட்டார்.

"மேடத்துக்கு எந்த ஊரு?"

"இங்கேருந்து தூரம்."

"தூரமா? காரியாபட்டிக்கு அங்கிட்டா?"

"அங்கிட்டுத்தான்."

"அங்கிட்டு எனக்கு மச்சான் இருக்கான். எந்தத் தெருன்னு சொல்லுங்க, சால்னா சேத்து ஊத்துதேன்."

சால்னாவுக்காகவும் அவர் சொல்லவில்லை.

எல்லோருக்கும் அவரிடம் தெரிய வேண்டிய ஒன்று இருந்தது: எந்தப் பக்கம்? பட்டாசு வேண்டும் என்பவரா, வேண்டாம் என்பவரா? போர்மேன் இதை வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்பார். கூடவே தன் கட்சியையும் சொல்லுவார். "பச்சை உப்புப் போட்டாத்தான் மத்தாப்புல பச்சை வரும். அந்த உப்பு கூடாதுன்னுட்டாக. மிச்சத்துல செஞ்சதுக்குப் பேரு பசுமைப் பட்டாசு. பச்சை வராத பசுமை. இதை எந்த ஊருல உக்காந்து யோசிச்சாக, கேட்டுச் சொல்லுங்க மேடம்."

பச்சை உப்பு என்பது பேரியம் நைட்ரேட். அதன் புகை நல்லதில்லை என்று நான் போர்மேனுக்கு விளக்கப் போனேன். "நீ படிச்ச புள்ள, நீ மோந்து பாத்துச் சொல்லுத. நான் மோந்துக்கிட்டே இருக்கேன்" என்று என் வாயை அடைத்துவிட்டு, நல்ல பதில் சொல்லிவிட்ட திருப்தியில் மீசையைத் தடவினார். மேடம் பசுமை என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டுக்கொண்டார். எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லவில்லை.

"அதைக் கண்டுபிடிக்கத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார்.

"படிச்சு முடிச்சதும் சொல்லுவீகளா?"

"முடிச்சா சொல்றேன்."

செல்வராணி விடவில்லை. வாரம் ஒருமுறை வேலை விட்டதும் எங்களைத் தேடி வருவார். ஒருநாள் அவர் சொன்ன வரியில்தான் மேடத்தின் ஆராய்ச்சி முழுவதுமே இருந்தது என்று பின்னால் கட்டுரையைப் படித்தபோது தெரிந்தது. "பச்சை உப்பு கூடாதுன்னதும் கம்பெனிக்காரக பயந்துக்கிட்டு ஒதுங்கிட்டாக. வேணும்னு கேட்டவுக கேட்டுக்கிட்டேதான் இருந்தாக. அந்த ஆர்டர் பூரா காட்டு ஷெட்டுக்குப் போச்சு. எந்தங்கச்சியும் ஆர்டரோடயே போனா." எங்கோ ஒரு நகரத்தில் குழந்தைகள் இருமாமல் இருக்க எழுதிய விதி, இங்கே ஒருத்தியைக் காட்டுக்குள் அனுப்பியிருந்தது. விதி தப்பா? இருமுகிற குழந்தைகள் பொய்யா? நானும் யோசித்துப் பார்த்தேன். இரண்டையும் ஒரே வரிசையில் எழுத எனக்கு வரவில்லை.

மேடம் அந்த வரியை அப்படியே எழுதிக்கொண்டார். ஆனால் செல்வராணி தங்கையின் பெயரைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் கையை உயர்த்திவிடுவார். "பேர் வேண்டாம்மா. தங்கச்சின்னே சொல்லுங்க."

"தங்கச்சி ஊருல ஆயிரம் பேருக்கு இருக்கா மேடம்."

"அதனாலதாம்மா."

"இம்புட்டு எழுதுதீக. இதுல நாலு எழுத்து கூடுனா பேனா தேஞ்சா போகும்?"

மேடம் பொறுமையாக விளக்கினார். தங்கையின் பெயர் வந்தால் அக்கா யார் என்று தெரியும். அக்கா தெரிந்தால் பேசியது யார் என்று காண்ட்ராக்டருக்குத் தெரியும். இப்போதும் செல்வராணியை நாரணாபுரத்துக்கு வேலைக்கு அனுப்புவது அதே காண்ட்ராக்டர்தான். நாளைக்கு வேலை போனால் கட்டுரையா வந்து சோறு போடும்? அது மட்டுமில்லை, ஷெட்டுகளைப் பூட்டினால் பூட்ட வைத்தவள் இவள்தான் என்று அங்கே வேலை பார்க்கும் பெண்களே சொல்லுவார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. செல்வராணி கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"காண்ட்ராக்டரும் இதேதான் சொன்னாரு. உன் நல்லதுக்குத்தான் பேரு வேண்டாங்கேன்னு."

மேடத்தின் முகத்தில் நான் எதையும் பார்க்கவில்லை. ஆனால் அன்று மாலை லாட்ஜ் மாடியில் டீ ஆறிப் போனது. குறிப்புகளை எடுக்கவே இல்லை.

அடுத்த நாள் பஸ்ஸில் நான்தான் ஆரம்பித்தேன். "பேரைப் போட்டாத்தான் என்ன மேடம்? அவங்களே கேக்குறாங்க."

வெயிலுக்குச் சேலைத் தலைப்பால் காதை மூடியிருந்தார். நான் சொன்னது கேட்கவில்லை என்று நினைத்தேன். ஆமத்தூர் விலக்கில் பஸ் நின்றபோதுதான் பேசினார்.

"ஒரு தடவை ஒரு ஆளைக் கண்டுபிடிச்சுட்டாங்க."

"யாரை மேடம்?"

"நான் எழுதினதை வச்சு. பேர்கூடப் போடலை. வீட்டு வாசல்ல என்ன மரம் நின்னுதுன்னு ஒரு வரி. அழகா இருக்கட்டும்னு எழுதினேன்."

"எந்த ஊர்ல? அப்புறம் அவங்க என்ன ஆனாங்க?"

"சொன்னா கண்டுபிடிச்சிடலாம்" என்றார்.

அவ்வளவுதான். அந்த ஆள் ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. அவருடைய வாழ்க்கையில் நடந்த ஒரே பெரிய விஷயமாக இது இருக்கலாம். அதிலிருந்தும் எல்லாவற்றையும் அடித்துவிட்டு ஒரு மரத்தை மட்டும் என்னிடம் கொடுத்தார். என்ன மரம் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் நடுவே கோடு போட்டேன். ஒரு பக்கம், மேடம் இவர்களைக் காப்பாற்றுகிறார். மறுபக்கம், மேடம் இவர்களை அழிக்கிறார். அதுவரை பார்த்ததை ஒவ்வொன்றாக எழுதினேன். கொலுசில்லாத பாதங்கள், பூக்கட்டிய நூல், தங்கச்சி என்ற சொல். எல்லாமே இரண்டு பக்கத்திலும் வந்தது. பி.டெக். படிப்பில் இப்படி ஒரு விடை வந்தால் கணக்கை முதலிலிருந்து போடச் சொல்வார்கள். போட்டுப் பார்த்தேன். மறுபடியும் அதேதான் வந்தது.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் மேடம் செல்வராணியை லாட்ஜுக்கே வரச் சொன்னார். அவர் சொன்னதையெல்லாம் ஒருமுறை படித்துக் காட்டி, சரிதானா என்று கேட்பது அவர் வழக்கம். செல்வராணி தலை குளித்து, நல்ல சேலை கட்டி வந்திருந்தார். கை மட்டும் வெள்ளியாகவே இருந்தது. அது குளித்தால் போகாது.

"கட்டுரையில நீங்க மூணாம் எண் பதிலாளர்" என்றார் மேடம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஊரில் வேறு யாரும் செய்திருக்க முடியாத தவறு அது. பதில் சொல்பவர் பதிலாளர். மேடத்தின் தமிழில் சரியான சொல். செல்வராணியின் காதில் அது பதில் ஆள் என்று விழுந்தது.

"பதில் ஆளா?" அவர் எழுந்துவிட்டார். "எந்தங்கச்சி பதில் ஆளாப் போய்த்தான செத்தா. என்னையும் பதில் ஆளுன்னா எழுதப் போறீக? நான் யாருக்குப் பதிலு?"

மேடம் என்னைப் பார்த்தார். நான் இரண்டு சொற்களையும் விளக்கினேன். பதில் ஆள் என்றால் இங்கே என்ன என்று சொல்லி முடிக்கும்வரை அவர் பேனா தாள்மேல் அசையாமல் நின்றது. மை ஊறிப் பெரிய புள்ளியானது. ஒரு கோடை முழுவதும் அவர் எழுதிய சொல் அது. படித்துக் காட்ட ஆரம்பித்ததே செல்வராணியிடம்தான் என்பதால் அதுவரை யாரும் கோபப்படவில்லை.

"மன்னிச்சுக்கோங்கம்மா. எண் வேண்டாம். ஒரு பேரே வச்சுக்கலாம். பொய்ப் பேர். உங்க பேர் இல்லாத ஏதாவது ஒண்ணு, நீங்களே சொல்லுங்க."

செல்வராணி உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு லோடு ஆட்டோ அட்டைப்பெட்டிகளோடு திரும்ப முடியாமல் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. அது போன பிறகு சொன்னார்.

"மாரீஸ்வரி."

நான் மேடத்தைப் பார்த்தேன். முதல் நாள் வேப்பமரத்தடியில் இந்தப் பெயரைக் கேட்டபோதுதான் அவர் பேனாவுக்கு மூடி மாட்டினார். அதற்குப் பிறகு அது ஒருமுறைகூட அவர் காதில் விழாதபடி கையை உயர்த்திக்கொண்டே இருந்திருக்கிறார். எழுதாதது எதுவும் தனக்கு நினைவில் நிற்காது என்று அடிக்கடி சொல்லுவார். அது உண்மையா, இல்லையா?

அவர் என் பக்கம் திரும்பினார்.

"இதை வச்சு ஆளைக் கண்டுபிடிச்சிடலாமா?"

"முடியாது மேடம். மாரீஸ்வரின்னு கூப்பிட்டா இங்க தெருவுக்கு நாலு பேர் திரும்புவாங்க."

உண்மையைத்தான் சொன்னேன். எங்கும் அச்சாகாத ஒரு பெயரை எதோடு ஒத்துப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள்? மேடம் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு மாரீஸ்வரி என்று எழுதினார். எழுத்துப் பிழை வரக் கூடாது என்பதுபோல மெதுவாக எழுதினார். எனக்கு அப்படித் தோன்றியிருக்கலாம்.

மேடம் போனபோது விமான நிலையத்துக்கு நான் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். எந்த விமான நிலையம் என்றும் சொல்லவில்லை. போர்மேன் மட்டும் ஒரு பெட்டி கம்பி மத்தாப்பு கொடுத்து அனுப்பினார். விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்று நான் சொன்னதற்கு, "அதனாலதான் தைரியமாக் கொடுத்தேன்" என்றார். அந்தப் பெட்டி எங்கள் வீட்டில் இருந்தது.

கட்டுரை மறு வருடம் வந்தது. நான் அப்போது பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்துவிட்டேன். மின்னஞ்சலில் ஒரே வரி: "படித்துப் பார்." உலகச் சுற்றுச்சூழல் ஆளுகை, நீதி, மறைந்துபோகும் வேலை என்று நீளமான ஆங்கிலத் தலைப்பு. உள்ளே எங்கள் ஊர்ப் பெயர்கூட இல்லை. தென்னிந்திய நகரம் என்று மட்டும் இருந்தது. பேசிய பெண்கள் எல்லோரும் எண்கள். இரண்டாம் எண் சொன்னார், ஏழாம் எண் மறுத்தார். மூன்றாம் எண் மட்டும் இல்லை. அந்த இடத்தில் மாரீஸ்வரி இருந்தாள். மேடம் தன் விதியை அந்த ஓர் இடத்தில் மீறியிருந்தார். அடிக்குறிப்பில் சின்ன எழுத்தில்: பெயர் மாற்றப்பட்டுள்ளது.

அது யார் பெயர் என்று உங்களுக்குத் தெரியுமா மேடம் என்று ஒரு பதில் எழுதினேன். அனுப்புவதற்கு முன் அவருடைய கேள்வியை அதற்கும் கேட்டுப் பார்த்தேன். எழுதினால் அது எங்காவது இருக்கும். அழித்துவிட்டு, "படித்தேன், நன்றி" என்று அனுப்பினேன்.

தாளில் அச்செடுத்துக்கொண்டு நாரணாபுரம் பஸ் ஸ்டாப்பில் செல்வராணிக்காகக் காத்திருந்தேன். சீசன் நேரம், வேலை விட்டு வந்தவர் கையைக் கழுவக்கூட இல்லை. நிழற்கூரைக்குள் உட்கார்ந்து, அந்தப் பத்தியைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். அந்த மாதிரிக் கட்டுரைகளில் எல்லாம் நிகழ்காலத்திலேயே எழுதுவார்கள்.

"மாரீஸ்வரி சொல்கிறார், பச்சை உப்பைத் தடை செய்ததும் அந்த ஆர்டர் முழுவதும் காட்டு ஷெட்டுக்குப் போனது..."

"சொல்கிறார்னா போட்டிருக்கு? இப்பச் சொல்ற மாதிரி?"

"ஆமாக்கா."

அவர் சிரித்தார். அப்புறம் கண்ணைத் துடைக்கப் போய், கையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"ஆனா இது நான் சொன்னதுல்ல? அவளுக்கு இப்படிப் பேச வராதே. நாலு வார்த்தை சேந்தாப்புல பேச மாட்டா அவ." என் மடியில் இருந்த தாளை எட்டிப் பார்த்தார். "அவ இன்னொருத்தி பேருல செத்தா. நான் அவ பேருல பேசிட்டேன். இதுல அவ எங்கன இருக்கா தாயி?"

நான் தாளைத் திருப்பினேன். தங்கை கட்டுரைக்குள்ளும் வந்தாள்; ஆனால் பெயரில்லாமல், மாரீஸ்வரியின் தங்கை என்று. அதையும் சொன்னேன். அடிக்குறிப்பையும் சொன்னேன். செல்வராணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"சரி. பேரு எங்கன இருக்கு, அதைக் காட்டு."

காட்டினேன். ஆங்கில எழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாது. சொல்லின் ஆரம்பத்தில் விரலை வைத்து, முடிவு வரை மெதுவாக நகர்த்தினார்.

"இம்புட்டு நீளமா எம்பிள்ள பேரு."

பஸ் வந்தது. எழுந்தவர் தாளை மடித்து என்னிடமே கொடுத்தார். "நீயே வச்சிரு. எங்க வீட்டுல கெடந்தா காண்ட்ராக்டர் ஆளுக யாராவது பாத்துருவாக."

அவர் இப்போது அந்த வேலையிலும் இல்லை, அந்த ஊரிலும் இல்லை. எங்கே என்று எழுத மாட்டேன். தாள் என்னிடம் இருக்கிறது. மாரீஸ்வரி என்ற சொல்லுக்குக் கீழே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வெள்ளியாக ஒரு கோடு. கோட்டின் முடிவில், விரல் அழுத்தி நின்ற இடத்தில், ரேகை ரேகையாகத் தெளிவாக விழுந்திருக்கிறது.

இதை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.